நுனியில் இருக்கும் கிராம்



இன்றைய தலைப்பைச் சுவரொட்டியில் பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சிரித்ததாக அறிந்தேன். "மெட்டல் டிடெக்டரைக் கை நோகாமல் வீசுவது எப்படி? இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று ஒரு சிரிப்பு. "வாத்தியார் கடைசியில் புதையல் தோண்டப் புறப்பட்டுவிட்டார்" என்று இன்னொரு சிரிப்பு. இரண்டாவது சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நீங்கள் புதையலைத் தோண்டினால், தொல்பொருட் சட்டம் உங்களைத் தோண்டும். அந்த ஆசையோடு வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போகலாம்.

முதலாவது சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கிறேன்.

இந்த விஷயம் என் தலைக்குள் புகுந்த கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் என் பெறாமகன் ஒருவன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, உழுது விட்ட வயல்களில் பழைய காசு தேடுவது அவனுடைய பொழுதுபோக்கு. அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. நான் போயிருந்தபோது என்னையும் கூட்டிப் போனான். ஒரு கருவியை என் கையில் தந்தான். மூன்று மணித்தியாலம் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடந்தேன். கிடைத்தது என்ன? ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு குதிரை லாடத்தின் பாதி. மறுநாள் காலை தேநீர்க் கோப்பையை வலக்கையால் தூக்க முடியவில்லை.

அந்தக் கருவி வந்த பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நிறை ஒன்றரைக் கிலோ என்று போட்டிருந்தது. ஒன்றரைக் கிலோ! பரீட்சைத் தாள் கட்டு அதைவிடப் பாரம். அதை நாற்பது வருடம் சுமந்த தோள் இது. ஐந்து கிலோ அரிசியோடு சந்தையில் இருந்து நடந்து வருகிற கை இது. ஒன்றரைக் கிலோ எப்படி அந்தத் தோளைச் சாய்த்தது?

பௌதிகம் படிப்பித்தவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியில் போட்டிருந்தது பாரம் எவ்வளவு என்று. என் தோள் கேட்டது வேறு கேள்வி: பாரம் எங்கே?

இந்த மண்டபத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் துலாவைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்கு அருகே இரண்டு ஆடுகால்கள். அவற்றின் மேல் நீண்ட துலா. ஒரு பக்கம் கொடியும் பட்டையும். மறுபக்கம் என்ன கட்டியிருந்தார்கள்? கல். ஏன் கல்? தண்ணீர் நிறைந்த பட்டையைக் கிழவியும் இழுக்க வேண்டும் என்பதற்காகக் கல். தோட்டத்துக்குப் பெரிய துலா என்றால் கல்லுக்குப் பதிலாக ஆட்களே துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்தார்கள். பின்னால் பாரத்தைக் கூட்டினால் முன்னால் இலேசாகும் என்பது பள்ளிக்கூடம் போகாத மனிதனுக்கும் தெரிந்திருந்தது.

இப்போது மெட்டல் டிடெக்டரைப் பாருங்கள். ஒரு நீண்ட தண்டு. அதன் நுனியில் வட்டமான தட்டு; அதற்குள்தான் கம்பிச் சுருள். தண்டின் நடுவில் கைப்பிடி. பின்னால், முழங்கைக்குச் சற்று முன்பாக, முன்கை பொருந்தி இருக்க ஒரு வளைவு. அதைக் கைத்தாங்கி என்று சொல்வோம். இது துலாதானே? கைப்பிடிதான் ஆடுகால். தட்டுத்தான் தண்ணீர்ப் பட்டை. அப்படியானால் பின்னால் கல் எங்கே?

கல் இல்லை. உங்கள் முழங்கைதான் கல்!

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எளிய பெருக்கல்தான். தட்டு இருக்கும் நுனியில் 600 கிராம் பாரம் என்று வையுங்கள். கைப்பிடியில் இருந்து தட்டு 90 சென்ரிமீற்றர் முன்னே. கைத்தாங்கி 30 சென்ரிமீற்றர் பின்னே. முன்னே உள்ள தூரம் பின்னே உள்ள தூரத்தின் மூன்று மடங்கு. ஆகவே நுனி விழாமல் இருக்க, முழங்கைப் பக்கம் மூன்று மடங்கு விசையால் கீழே அழுத்த வேண்டும்: 1.8 கிலோ. நடுவில் இருக்கும் கை எதைத் தூக்குகிறது? நுனியின் 600 கிராம், அதோடு முழங்கை அழுத்தும் 1.8 கிலோ. மொத்தம் 2.4 கிலோ. நுனியில் 600 கிராமை வைத்தவன் கையில் 2.4 கிலோவைச் சுமக்கிறான். பெட்டியில் இதை யார் அச்சடிக்கிறார்கள்?

ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி என்றால், மணித்தியாலத்துக்கு 1,800 வீச்சு. மூன்று மணித்தியாலத்துக்கு 5,400. என் தேநீர்க் கோப்பைக்கு நேர்ந்தது இப்போது விளங்குகிறதா?

சரி, என்ன செய்யலாம்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது துலாக் கல்தான். தண்டின் பின்நுனியில், முழங்கைக்கும் பின்னால், ஈயக் குண்டைக் கட்டுவது. தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டுகளை ஒரு துண்டு பி.வி.சி. குழாய்க்குள் அடைத்து, இரு பக்கமும் மூடி, தண்டோடு இறுக்கிக் கட்டுகிறார்கள். ஈயமும் உலோகம்தான், ஆனால் தட்டில் இருந்து வெகு தூரத்தில் இருப்பதால் கருவி கூவாது. கைப்பிடிக்கு 45 சென்ரிமீற்றர் பின்னால் அரைக்கிலோ ஈயம் கட்டினால், கை தூக்குவது 2.4 கிலோவில் இருந்து 2.15 கிலோவாக இறங்கும். அரைக்கிலோவைக் கூட்டினோம், கைக்குக் கால் கிலோ குறைந்தது. கேட்க மாயம்போல இருக்கிறது. கிழவியைத் தண்ணீர் அள்ள வைத்த அதே மாயம்.

ஆனால், நண்பர்களே, இங்கேதான் நான் ஈயக் குண்டுக்காரரோடு சண்டை போடுகிறேன்.

அரைக்கிலோ ஈயம் கட்டுவதற்குப் பதிலாக நுனியில் இருந்து 100 கிராமைக் கழற்றிப் பாருங்கள். 600 போய் 500. முழங்கை அழுத்துவது ஒன்றரைக் கிலோ. கை தூக்குவது 2 கிலோ. அரைக்கிலோவைக் கூட்டி நீங்கள் பெற்றதைவிட, 100 கிராமைக் கழித்து நான் பெற்றது அதிகம்! தோளுக்கோ ஈயம் வெறும் கூடுதல் சுமை. என் வழியில் தோளுக்கும் குறைகிறது.

இன்னொன்று கேளுங்கள். ஈயமும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். கைத்தாங்கியை மட்டும் 5 சென்ரிமீற்றர் பின்னுக்கு நகர்த்துங்கள். 30 இருந்தது 35 ஆகிறது. கை தூக்குவது 2.14 கிலோ. அரைக்கிலோ ஈயம் செய்த வேலையை, ஒரு திருகாணியைக் கழற்றிப் பூட்டிய ஐந்து சென்ரிமீற்றர் செய்துவிட்டது. முழங்கை மூட்டின் மேல் ஏறாமல், அதற்கு இரண்டு விரல் கீழே கைத்தாங்கி நின்றால் போதும். நான் பார்த்தவர்களில் பலர் அதைத் தொழிற்சாலை வைத்த இடத்தில் இருந்து அசைத்ததே இல்லை.

பாரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பாரம் எங்கே என்று கேளுங்கள்.

நுனியில் கழற்ற என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்ரிக் கவசம் பூட்டியிருப்பார்கள். கல்லில் உரசாமல் காக்க அது தேவைதான். ஆனால் அதற்கும் தட்டுக்கும் இடையில் மணலும் சேறும் புகுந்து குடியிருக்கும். ஈரச் சேறு எத்தனை கிராம் என்று ஒருநாள் கழற்றி நிறுத்துப் பாருங்கள். அந்த அழுக்குச் சில நேரம் பொய்க் குரலும் எழுப்பும். அடுத்தது தட்டின் அளவு. 11 அங்குலத் தட்டு ஒரே வீச்சில் அதிக நிலத்தைத் தடவும், ஆழமும் பார்க்கும். உண்மை. ஆனால் களைத்த கையில் இருக்கும் பெரிய தட்டைவிடச் சோராத கையில் இருக்கும் சின்னத் தட்டு மாலைக்குள் அதிகம் கண்டுபிடிக்கும் என்பது என் கட்சி.

வீசும்போது இன்னொரு சங்கதி சேர்கிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் தட்டை நிறுத்தித் திருப்ப வேண்டும். தட்டு அதற்குத் தயங்கும்; அந்தத் தயக்கம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். தூரம் இரண்டு மடங்கானால் தயக்கம் நாலு மடங்கு. தண்டைச் சுருக்கினால் இதுவும் குறையும், ஆனால் அளவுக்கு மேல் சுருக்கினால் முதுகு வளையும். கையைக் காப்பாற்றி முதுகை விற்கிற வியாபாரம் அது. நிமிர்ந்து நின்று, கையைத் தளரவிட்டு, தட்டு உங்கள் கால்விரல்களுக்கு ஓரடி முன்னால் நிலத்தில் தட்டையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அதுவே உங்கள் நீளம். உங்களுடைய நீளம், பக்கத்தில் வேலை செய்பவருடையது அல்ல.

கொஞ்சம் வரலாற்றுக்குப் போவோமா? 1941. போலந்து நாட்டுப் பொறியியலாளர், படை அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, நாடு பறிபோய் ஸ்கொட்லாந்தில் இருக்கிறார். நிலத்துக்கு அடியில் புதைத்த வெடியைத் தேட ஒரு கருவியை அங்கே வடிவமைக்கிறார். இரண்டு சுருள்கள். இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை காதுக்குழாயில் அமைதி. உலோகம் நெருங்கினால் சமநிலை குலையும், காதில் குரல் கேட்கும். அதற்குக் காப்புரிமைப் பணம் கேட்காமல் பிரித்தானியப் படைக்குக் கொடுத்தார். கைம்மாறாகக் கிடைத்தது மன்னர் ஆறாம் ஜோர்ஜின் நன்றிக் கடிதம். 1942 இல் எகிப்தின் எல் அலமைன் சண்டைக்கு முன்னர் 500 கருவிகள் படையினருக்கு வழங்கப்பட்டன. மணித்தியாலத்துக்குச் சுமார் 100 மீற்றர் நகர்ந்த வெடி அகற்றும் வேலை 200 மீற்றராயிற்று என்று பதிவு இருக்கிறது.

அந்தக் கருவியின் நிறை எவ்வளவு தெரியுமா? 30 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறையப் பதினாலு கிலோ! அதைப் பாலைவன மணலில் ஒரே மனிதன் இயக்கினான். எப்படி முடிந்தது? பெரும்பாரத்தை உடம்பில் கட்டினார்கள். தண்டையும் தட்டையும் மட்டுமே கையில் கொடுத்தார்கள். பதினாலு கிலோவைச் சுமந்த சிப்பாய்க்குத் தெரிந்ததை, ஒன்றரைக் கிலோவைத் தூக்கிய வாத்தியார் மறந்து போனேன்.

அதற்குப் பிறகு வந்த கருவிகளின் கதையை இந்த ஒரே கண்ணால் பார்த்தால் போதும்: எதை எங்கே வைத்தார்கள்? பெரிய பற்றரிகள் இருந்த காலத்தில், கட்டுப்பாட்டுப் பெட்டியை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, ஒரு வயரால் தண்டோடு இணைத்தார்கள். வேறு சிலர் பற்றரியைக் கைத்தாங்கிக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். எனக்குப் பிடித்த யோசனை அது. எப்படியும் சுமக்க வேண்டிய பற்றரி, அதையே துலாக் கல்லாக்கிவிட்டார்கள்! மைன்லாப் நிறுவனத்தின் சிரிஎக்ஸ் 3030 அப்படிப்பட்டது. இரண்டு கிலோவுக்கு மேல் பாரம், ஆனால் நுனி கையை அவ்வளவாக இழுக்காது.

2009 இல் பிரான்சின் எக்ஸ்பி நிறுவனம் டியூஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அவர்கள் செய்தது என் பாடத்துக்கே எதிரானதுபோலத் தோன்றும். வயரை அறுத்தார்கள். சுருளின் மின்னணுப் பாகத்தையும் ஒரு சிறு பற்றரியையும் நுனித் தட்டுக்குள்ளேயே வைத்தார்கள். பாரத்தை நுனிக்குக் கொண்டுபோவதா என்று நானும் துள்ளினேன். ஆனால் வயரும் பெரும் பெட்டியும் போனதால் முழுக்கருவியும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி இடுப்பில் மாட்டவும் முடியும். பாடத்தை மீறத் தெரிந்தவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அது நினைவுக்கு வந்தது.

அவுஸ்திரேலியாவின் பொன்வயல்களில் வேறு கதை. 1980 இல் விக்ரோறியாவின் கிங்கோவர் என்ற இடத்தில் ஒருவர் மெட்டல் டிடெக்டரால் 27 கிலோவுக்கு மேற்பட்ட ஒரே பொன்கட்டியைக் கண்டெடுத்தார். அதன் பிறகு அங்கே யாருக்குத் தூக்கம் வரும்? ஆழத்தில் உள்ள பொன்னைத் தேடும் கருவிகளில் மூன்று கிலோவைத் தாண்டியவையும் உண்டு. அவற்றை வெறுங்கையால் நாள் முழுக்க வீச முடியாது. ஆகவே தோள்பட்டியும் இடுப்புப் பட்டியும் அணிந்து, அதில் இருந்து தொங்கும் இழுபடும் நாடாவில் தண்டைக் கொளுவுகிறார்கள். சயிக்கிள் ரியூப்பால் சாமான் கட்டியவர்களுக்கு அந்த நாடாவின் குணம் தெரியும். பாரத்தை நாடா பிடித்துக்கொள்ளும். கை பக்கவாட்டில் தள்ளினால் போதும். ஏணையை ஆட்டுவதுபோல. ஏணையில் கிடக்கும் பிள்ளையின் பாரத்தை ஆட்டுகிற கை சுமக்கிறதா?

நாடாவைக் கொளுவும் இடம் முக்கியம். கைப்பிடிக்குச் சற்று முன்னால், கருவி தானாகச் சமநிலையில் நிற்கும் புள்ளியைத் தேடிக் கொளுவ வேண்டும். நாடாவின் நீளம், கையை விட்டால் தட்டு நிலத்தில் இருந்து இரண்டு விரல் உயரத்தில் மிதக்கும் அளவு. பட்டியின் பாரம் தோளில் அல்ல, இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கைவலியைக் கழற்றிக் கழுத்துவலியாகப் பூட்டியவர்கள் ஆவோம்.

கைப்பிடியைப் பற்றி ஒரு சொல். மாலையில் உங்கள் விரல்கள் இறுகப் பிடித்து வெளுத்திருந்தால் கருவி கைக்குள் புரளுகிறது என்று அர்த்தம். பெட்டியைக் கைக்கு மேலே ஏற்றி வைத்த கருவிகள் அப்படிப் புரளும். கைக்குக் கீழே பாரம் தொங்கும் கருவி ஊஞ்சல்போல நேரே நிற்கும். ரெனிஸ் மட்டையின் பிடியில் சுற்றும் நாடாவைச் சுற்றினால் பிடி சற்றுத் தடிக்கும், விரல் தளரும். மலிவான வைத்தியம்.

இத்தனையும் சொகுசுக்கா? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

களைத்த கை என்ன செய்யும்? வீச்சின் இரண்டு முனையிலும் தட்டை மேலே தூக்கும். ஊஞ்சல்போல. நடுவில் நிலத்தைத் தொட்டுப்போகிற தட்டு, ஓரத்தில் பத்து சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். தட்டு மேலே போன அளவுக்கு, கருவி நிலத்துக்குள் பார்க்கும் ஆழம் குறையும். பத்து மேலே போனால் பத்து இழப்பு. கருவி பழுதில்லை, பற்றரி நிறைந்திருக்கிறது, காதும் கூர்மை. ஆனால் அந்த இடத்தில் கருவி குருடு. வீசுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. காதில் அமைதி, அமைதி என்றால் ஒன்றும் இல்லை என்று நினைத்து அடுத்த அடி வைப்பார்.

இங்கிலாந்து வயலில் அதனால் ஒரு காசு தவறும். 1992 இல் சஃபொக் பகுதியின் ஹொக்ஸ்னி கிராமத்தில், எரிக் லோஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், சுமார் 15,000 உரோமக் காசுகள் கொண்ட புதையலைக் கண்டார். சுத்தியலும் கிடைத்தது; இன்றைக்கு அதுவும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில்! அவர் கை அந்த வீச்சில் சற்று உயர்ந்திருந்தால்? ஒரு சுத்தியல் போயிருக்கும். அவ்வளவுதான்.

முகமாலையில் என்ன போகும்?

பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறேன். உங்களில் சிலர் அங்கே மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர்கள். வருடக்கணக்காகப் போர் முன்னரங்காக இருந்த மண் அது. மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002 முதல் இந்த நாட்டில் வேலை செய்கிறது. அந்த வரிசைகளில் பெண்கள் பலர், வீட்டுக்கு உழைக்கும் ஒரே ஆளாக இருப்பவர்களும் பலர். 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. காகிதத்தில் கையொப்பம் ஒரு விநாடி. மண்ணில் அந்தக் கையொப்பம் சாண் சாணாகத்தான் நகர்கிறது. அங்கே புதைந்தவற்றில் பலவற்றுக்கு உடல் பிளாஸ்ரிக். உலோகம் என்று இருப்பது மிகச் சிறு துணுக்கு. அந்தத் துணுக்கின் குரலைக் கேட்கத் தட்டு எவ்வளவு தாழ இருக்க வேண்டும்? எவ்வளவு ஆறுதலாக நகர வேண்டும்? வெயிலில், முகக்கவசத்துக்குள், தடித்த பாதுகாப்பு அங்கியோடு, எத்தனையாவது வீச்சில் கை களைக்கிறது?

ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: நான் சொன்ன ஈயக் குண்டு, நாடா எதையும் உங்கள் வேலைக் கருவியில் நீங்களாகக் கட்டாதீர்கள். அதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார். பொழுதுபோக்குக்காரனின் கைவைத்தியம் உங்கள் நிலத்துக்குரியது அல்ல. ஆனால் தண்டின் நீளத்தை உங்கள் உயரத்துக்கு வைத்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கை நோகுது என்று சொல்வது முறைப்பாடு அல்ல, தகவல். அந்தத் தகவலைச் சோம்பல் என்று எழுதிக்கொள்ளும் மேற்பார்வையாளர் யாராவது இருந்தால், என்னிடம் அனுப்புங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கருவி வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விபரத் தாளில் மொத்த நிறையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பிடியின் அடியை ஒரு கதிரையின் முதுகில் தாங்கி வையுங்கள். நுனித் தட்டை, அதே உயரத்தில் வைத்த சமையலறைத் தராசின் மேல் வையுங்கள். தராசு காட்டுவது எதுவோ, அதுதான் நுனிப்பாரம். இரண்டு கருவி மொத்த நிறையில் ஒன்றாக இருக்கும். தராசில் ஒன்று 300 காட்டும், மற்றது 600 காட்டும். எதை வாங்குவீர்கள்? தேநீர் ஆறுவதற்குள் முடிகிற இந்தச் சோதனைக்கு எந்த ஆய்வுகூடமும் வேண்டாம்.

நான் பேசியது போதும். நீங்கள் நம்பவும் வேண்டாம், தூக்கிப் பாருங்கள். மேடைக்குக் கீழே மூன்று தும்புத்தடி வைத்திருக்கிறேன். மூன்றிலும் தும்பைக் கழற்றிவிட்டு, நுனியில் மண் நிரப்பிய சிரட்டை கட்டியிருக்கிறது. முன்கைக்கு, பிளந்த பி.வி.சி. குழாய். ஒன்றில் வேறு மாற்றம் இல்லை. ஒன்றின் பின்பக்கத்தில் அரைக்கிலோ ஈயம். மற்றதன் சிரட்டையில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவிட்டேன். எது எது என்று சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் இருபது தரம் வீச வேண்டும். பிறகு எது இலேசு என்று இந்தக் கரும்பலகையில் கோடு போட வேண்டும்.

பின்வரிசையில் நீலச்சட்டைத் தங்கச்சி, முதலில் நீங்கள் வாங்கோ.